சுத்துக்கேணி எஞ்சின்

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்து கனகாம்பாள் வீட்டு முறத்தில் அரிசி புடைக்க முடியவில்லை. முறத்தில் வால்வுகள் கிடந்தன. குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டும் போல்ட்டும் ஊறிக்கொண்டிருந்தன. பழைய புடவை என்று ஒன்று மிச்சமில்லை, எல்லாம் கரித்துணியாகிவிட்டது. வாசலில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஒரு கறுப்புக் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கார் அவள் புருஷன் கலியபெருமாளுடையது. பாண்டிச்சேரி மில்லில் இருந்த பிரெஞ்சு எஞ்சினியருக்கு அவர் டிரைவராக இருந்தவர். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் துரை கப்பலேறினார். அந்தக் கிழட்டுக் காரை வாங்க ஆளில்லை. சாவியை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வில்லியனூரில் கலியபெருமாள் கார்தான் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். மூன்று வருஷம் நன்றாக ஓடியது. அந்தப் புரட்டாசியில் மதகடிப்பட்டு தாண்டும்போது எஞ்சினுக்குள் ஒரு ராடு ஒடிந்து, இரும்பைப் பொத்துக்கொண்டு ரோட்டில் விழுந்தது.

இதற்கு ஸ்பேர் இந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. ஆனால் இதே மாதிரி எஞ்சின் ஒன்று சுத்துக்கேணியில் இருந்தது. கனகாம்பாளின் அண்ணன் நடேசன் இன்னொரு துரையின் காரை வாங்கி, எஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்துக் கரும்புக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இப்போது புது டீசல் எஞ்சின் வந்துவிட்டதால் அது சும்மா கிடந்தது.

கேட்டதும் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது தன் வீட்டு விருந்துப் பந்தியில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துக்க மாப்ள. பொங்க சீரு எடுத்துகினு நான் வர்றப்ப வண்டி ஓடணும். ஓடலன்னு வையி, அந்தத் தகரத்த எடைக்குப் போட்டுட்டு நம்ம லாரிக்கு வந்துடு. கரும்பு லோடு அடிக்க ஆள் தேடிகினுதான் இருக்கேன்."

கலியபெருமாளும் சிரித்துத் தலையாட்டிவிட்டார். கனகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அக்காள் புருஷன் ஏற்கெனவே அண்ணன் வீட்டில்தான் வேலை பார்க்கிறார். வந்த புதிதில் அவர் 'மாப்ள'. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்போது களத்துமேட்டிலிருந்து 'டேய்' என்று குரல் வருகிறது, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிறார். ஆட்களெல்லாம் எழுந்த பிறகுதான் அவருக்கு இலை. அக்காள் அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. கனகாம்பாள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

பூரணாங்குப்பத்திலிருந்து வலைக்கயிறு வாங்கிவந்து, வேப்பமரத்துக் கிளையில் கப்பி மாட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சுத்துக்கேணி எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ரிங் மாற்றி, வால்வைத் தேய்த்து, காருக்குள் இறக்கியபோது கார்த்திகை பாதி போய்விட்டது. முதல் சுழற்றலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கலியபெருமாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை நாள் கரித்துணி துவைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கார் கடைத்தெரு வரைக்கும் போனது. அங்கே நின்று கொதித்தது.

எதிர்வீட்டுக் குழந்தைவேல் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "இன்னா கலியா, இப்பவே பொங்க வச்சிட்டே? தை பொறக்கட்டும்பா."

"உன் வேலையப் பாத்துகினு போ."

"வெல்லம் எடுத்தாரட்டுமா?"

ஆறவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். கொதித்தது. விசிறிக்குப் புது பெல்ட் போட்டார். கொதித்தது. ஹெட்டைக் கழற்றி கேஸ்கட் மாற்றினார். அப்போதும் கொதித்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மைல் போகாது. தெருவில் யாரும் இப்போது கேலிகூட செய்வதில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது. சோற்றில் கைவைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஒரு நாள் ரேடியேட்டர் கக்கிய தண்ணீரைத் துடைக்கும்போது கனகாம்பாள் விரலில் வெள்ளையாக ஏதோ சில்லு ஒட்டியது. நசுக்கிப் பார்த்தாள். பிறந்த வீட்டு உலைப்பானையின் உள்பக்கம் ஞாபகம் வந்தது. அண்ணன் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சப் பானைக்குள் காறை கட்டும். கத்தியால் சுரண்டினால் இதே மாதிரிதான் பெயர்ந்து வரும்.

"இன்னாங்க, எங்க அண்ணன் இந்த எஞ்சினுக்குக் கெணத்துத் தண்ணியத்தானே வுட்டுருப்பாரு?"

"பின்ன, பாலா வுடுவாரு?"

"அந்தத் தண்ணி பானையில காறை புடிக்கும். இதுலயும் புடிச்சிருக்குமோன்னு..."

"எஞ்சினும் உன் சோத்துப் பானையும் ஒண்ணாடி? உள்ள போ."

அவள் உள்ளே போனாள். அவர் இக்னிஷன் டைமிங்கை முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பார்த்து ஒரு வாரத்தை வீணாக்கினார். மார்கழி பாதியில், வேறு எதுவும் மிச்சமில்லாமல், எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த வட்டத் தகட்டை உளியால் தட்டிப் பெயர்த்தார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடவேண்டிய வழி அது. சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தார். விரல் அளவுக்குக்கூடப் போகவில்லை. சுவர் மாதிரி இறுகியிருந்தது.

அவளைக் கூப்பிடவில்லை. கம்பி குத்தும் சத்தம் கேட்டு அவளே வந்து நின்றாள். "சுண்ணாம்புக் காளவாயா இருக்குது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு பேரும் உட்கார்ந்து குத்தி எடுத்தார்கள். அன்னக்கூடை நிறையக் காறை வந்தது. மறுபடி பூட்டி ஓட்டியபோது கார் திருக்காஞ்சி போய்த் திரும்பியது, கொதிக்கவில்லை. மறுநாள் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. காறைக்கு அடியில் இரும்பு அரித்துப்போயிருந்தது. இத்தனை நாள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் காறைதான். அதைச் சுரண்டியதும் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது.

கலியபெருமாள் ஸ்பேனரை வேலியைத் தாண்டி வீசினார். பிறகு தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

ஒரே ஒரு வழி பாக்கியிருந்தது. பழைய எஞ்சினில் தண்ணீர் ஓடும் வழி சுத்தம். அதில் பொத்தல் விழுந்தது கீழே, எண்ணெய் நிற்கும் இடத்தில். அங்கே இரும்புத் தகடு வைத்து போல்ட்டால் இறுக்கிவிட்டு, சுத்துக்கேணி எஞ்சினின் உள்ளுறுப்புகளை இதற்குள் மாற்றலாம். மறுபடி கப்பி, மறுபடி கயிறு, மறுபடி முறம். தகடு வளைவில் உட்காரவில்லை. அரத்தால் ராவிப் பார்த்தார், நெருப்பில் காட்டி வளைத்துப் பார்த்தார். துளை போடும்போது டிரில் முனை ஒடிந்து இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

போகிக்கு முதல் நாள் நடேசன் சீரோடு வந்து இறங்கினார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை, ஒரு கட்டுக் கரும்பு. கொட்டகையில் இரண்டு எஞ்சினும் வயிறு கிழிந்து கிடந்தன. அவர் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஒண்ணு குடுத்தா ரெண்டாக்கி வச்சிருக்கே."

கலியபெருமாள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கனகாம்பாள்தான் சொன்னாள், "உள்ள பூரா காறை அண்ணே. இரும்பே அரிச்சுப் போச்சு."

"நம்ம கெணத்துத் தண்ணி அப்படித்தானே. அங்கயே ஒரு பாத்தி பாயறதுக்குள்ள கொதிச்சிடும். அதான டீசல் எஞ்சின் வாங்கினேன்."

"தெரிஞ்சா குடுத்தே?"

"கேட்டாரு, குடுத்தேன்." அவர் குரலில் கூச்சம் எதுவும் இல்லை. "சரி வுடு. தை ரெண்டாந்தேதி கரும்பு வெட்டு. காலங்காத்தால வந்துடு மாப்ள."

கலியபெருமாள் தலையைக் குனிந்தபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"அவரு வரமாட்டாரு" என்றாள் கனகாம்பாள்.

"அவரப் பேசவுடுடி."

"இந்த வேலையே இன்னும் முடியல. அவரு வரமாட்டாருண்ணே. சாப்புட்டுட்டுப் போ."

நடேசன் சாப்பிடவில்லை. வண்டியேறும்போது, "வூட்டுல யாரு ஆம்பளன்னு தெரிஞ்சிகிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் கலியபெருமாள் அவள் பக்கம் திரும்பினார். "உன்ன யாருடி பேசச் சொன்னது? வரேன்னு சொல்லிருப்பேன். மானமாவது மிஞ்சியிருக்கும்."

"சொல்லிருப்பீங்க. அதான் பேசினேன்."

"இந்தத் தகடு உக்காராது. எழுதி வச்சுக்க. உக்காரவே உக்காராது. சோத்துக்கு இன்னா பண்றது?"

தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. அண்ணன் கொண்டுவந்த புதுப்பானையை எடுத்து உள்ளே வைத்தாள். முறத்தில் வால்வுகள் கிடந்தன, அரிசியை எதில் கொட்டுவது என்று தேடினாள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டகையிலிருந்து அரம் போடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"தே, இந்தத் தகட்ட வந்து புடி. ஒத்தக் கையால ஆவல."

அவள் போய்ப் பிடித்தாள்.

"ஆட்டாத."

"ஆட்டல."

"ஆட்டுறே."

அவள் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, தகட்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.