ஏழு பேட்ஜ், நாலு டிச் பட்டன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆறடிக்கு மேல் உயரமான ஒரு வெள்ளைக்காரர் குனிந்து, தோல் பை தைக்கும் என் கார்கானாவுக்குள் வந்தார். தாராவியில் என் வாசலில் குனியாமல் நுழைந்தவர் கிடையாது — ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர் உட்பட. வாசலை அந்த உயரத்தில் வைத்தவன் நான்தான்.

வந்தவர் இங்கிலாந்துக்காரர். அங்கே ஃபுட்பால் ஆடியவர்; இங்கே மும்பையில் ஒரு கிளப்புக்குக் கோச். கூட வந்த கிளப் ஆள் சொன்னார். எனக்கு ஃபுட்பால் தெரியாது. தோல் தெரியும். நாலாம் வகுப்போடு நின்றவன் வெட்டிய பை இன்றைக்கு ஐந்து நாட்டுக் கடைகளில் தொங்குகிறது. ஆறு என்பாள் என் மனைவி. நான் அடக்கமாகச் சொல்கிறேன்.

அவர் கையில் ஒரு பழைய தோல் பை. கைப்பிடி அறுந்து, ஜிப் பல்லிளித்து... வெள்ளிக்கிழமை மேட்சுக்குள் சரியாக வேண்டுமாம்.

வாங்கித் திருப்பினேன். ஒரு பக்கம் முழுக்க ஊசித் துளைகள். துணியில் தையலைப் பிரித்தால் நாளடைவில் துளை மறையும். தோலில் மறையவே மறையாது. வட்டமாக, கேடயம் மாதிரி, சதுரமாக — எண்ணிப் பார்த்தேன். ஏழு.

ஏழு கிளப்பா என்று கேட்டேன். மனிதர் அசந்துபோனார்.

அதோடு விட்டேனா? ஆறு பேட்ஜைப் பிளேடு வைத்து நிதானமாகப் பிரித்திருக்கிறீர்கள், இந்த வட்டத்தில் மட்டும் துளைகள் கிழிந்திருக்கின்றன, கையால் பிய்த்திருக்கிறீர்கள் என்றேன். என் மகன் சாதிக் அதை இங்கிலீஷில் சொன்னதும், அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வட்டம்தான் அவருடைய சொந்த ஊர் கிளப். பதினாறு வயதில் சீனியர்களின் பூட்ஸைத் துடைக்கச் சேர்ந்திருக்கிறார். பிறகு பதினோரு வருஷம் ரைட் பேக், அதாவது வலது பக்கம் நின்று தடுத்து ஆடுகிறவர். பெரிய பேர் கிடையாது, நாலாவது டிவிஷன்தான். நம்ம ஸ்லோ லோக்கல் மாதிரி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி. முழங்கால் போனதும் அதே கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச், அப்புறம் தலைமைக் கோச். முதன்முதலில் வீட்டுக்கு அனுப்பியதும் அதே கிளப். பிய்க்காமல் என்ன செய்வார்?

அதன் பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக ஆறு கிளப். இங்கே வந்து மூன்று மாதமாகிறது. எட்டாவது பேட்ஜ் இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினார். இதைத் தைக்க வேண்டாம் என்றார். ஒவ்வொரு தடவையும் வேலை போன பிறகு, ஹோட்டல் ரூமில் தனியாக உட்கார்ந்து நூலை அறுக்க அரை மணி நேரம் ஆகிறதாம். அந்த அரை மணி நேரம் இனி வேண்டாமாம். தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்றிருந்தார்.

டிச் பட்டன், என்றேன். அமுக்கினால் பிடிக்கும், இழுத்தால் வரும். பையின் மறுபக்கம் நாலு பட்டன் அடித்துவிட்டால், அடுத்த கிளப் பேட்ஜுக்கும் அதுவே போதும். நானே என் கையால் செய்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க இருங்க வாப்பா. உள்ள குடுத்திருதேன்" என்றான் சாதிக்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன ரமலானில் ஒரு ஆர்டருக்குப் பதினோரு பீஸ் அரை அங்குலம் குறைவாக வெட்டிவிட்டேன். ஸ்கேல் மேல்தான் தப்பு. கண்ணாடி போடாததால் என்று மகன் கட்சி. பெருநாள் கழிந்து வந்து பார்த்தால் என் கட்டிங் டேபிளில் வேறு ஆள். எனக்கு வாசல் பக்கம் ஒரு சுழல் நாற்காலி. அதன் முதுகில், ஒரு தோல் துண்டில் பொன்னெழுத்து அச்சடித்து, அழகாகத் தைத்திருந்தார்கள்: அட்வைசர். அன்று முதல் கத்தியைத் தொடவில்லை. தொட விடவில்லை.

கோச் என்ன விஷயம் என்று கேட்டார். வாப்பா இப்போது எங்கள் அட்வைசர் என்று சாதிக் பெருமையாகச் சொன்னான். அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மூணாவது கிளப்புல என்னையும் அட்வைசர் ஆக்கினாங்க. மூணு வாரம் கழிச்சு கார் சாவியக் கேட்டாங்க."

சாதிக் மொழிபெயர்க்காமல் நின்றான். ஒன்றும் கஷ்டமான இங்கிலீஷ் இல்லை. எனக்கே புரிந்துவிட்டது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கார்கானா சாவி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாரும் வருமுன் திறந்தேன். கோச்சின் பை இன்னும் யாரும் தொடாமல் உள்ளே கிடந்தது. கத்தி என் கையை மறக்கவில்லை. புதுக் கைப்பிடி வெட்டித் தைத்து, ஜிப் மாற்றினேன். பட்டன் அடித்துக்கொண்டிருக்கும்போது சாதிக் வந்து நின்றான். சத்தம் போடுவான் என்று பார்த்தேன். கைப்பிடியை எடுத்து அளந்தான். இன்னொரு தடவை அளந்தான்.

"கண்ணாடியப் போட்டுக்கிடுங்க வாப்பா" என்றான்.

போட்டுக்கொண்டேன். பட்டன் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது... அதை அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோச் டீம் தோற்றது. சனிக்கிழமை அவரை நீக்கிய செய்தி டிவியில் வந்துவிட்டது. ஃபுட்பாலில் ஒருவரை நிறுத்தினால் ஊருக்கே சொல்கிறார்கள். வீட்டில் நிறுத்தினால் நாற்காலி போடுகிறார்கள். எது மரியாதை?

திங்கட்கிழமை அவரே வந்தார், தோளில் என் வேலைப்பாட்டோடு. அடுத்து எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். என் எதிரிலேயே பேட்ஜை இழுத்தார். டக், டக், டக், டக். நாலு செகண்ட். சிரித்துக்கொண்டே அதை என் கையில் வைத்துவிட்டு, வாசலில் குனிந்து போனார்.

அன்றைக்கே ஒரு பிளேடு எடுத்து, என் நாற்காலி முதுகிலிருந்த 'அட்வைசர்' தையலை நிதானமாகப் பிரித்தேன். வீசி எறியவில்லை, மகன் ஆசையாகச் செய்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன் — நாலு டிச் பட்டனில்.