பிரிச்சு விட்ட பட்டாளம்

என் அண்ணன் முதல் மகாயுத்தத்தில் கடல் கடந்து பஸ்ரா சண்டைக்குப் போனவன். சண்டை ஓய்ந்தும் சில வருஷம் படையிலேயே வைத்திருந்து, பிறகு அந்தப் படையையே கலைத்து எல்லாரையும் ஊருக்கு அனுப்பினார்கள். நான் அப்போது நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு அது போதும் என்று அதோடு என் படிப்பும் முடிந்தது.

அவன் வந்து இறங்கியபோது மாமாதான் சேவல் அடித்துச் சோறு போட்டார். அம்மாவுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். அவர் மகளை அண்ணனுக்கென்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தது. அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

திரும்பி வந்த ஆட்களைச் சும்மா விட்டால் ஊர் சுற்றுவார்கள், வம்புக்குப் போவார்கள் என்று சர்க்காருக்குப் பயம். மலையடிவாரத்தில் தரிசு நிலம் அளந்து கொடுத்து உட்கார வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒற்றை ஆள் என்றால் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடுவான் என்று தாசில்தார் எண்ணினாராம். அதனால் குடும்பக்காரர்களுக்கு முதலில் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்தக் கல்யாணம் நடந்தால்தான் நிலம்.

இதைச் சொல்ல ஊரில் தமுக்கு அடித்தார்கள். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம்; கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், எல்லாம் மலையாளம். அங்கே சொல்லிக் கொடுத்ததைத் தமுக்கடிக்கிறவர் அப்படியே கூவினார். பிரிச்சு விட்ட பட்டாளக்காரர் எல்லாரும் வெள்ளிக்கிழமை பத்மநாபபுரம் கச்சேரிக்கு வரணும் என்று.

மலையாளத்தில் கலைத்த படைக்கும் பிரிச்சு விட்டது என்ற சொல்தான், வேலையை விட்டு விரட்டிய ஆளுக்கும் அந்தச் சொல்தான். எங்கள் ஊரில் இரண்டாவது மட்டும்தான் தெரியும். கோயில் மடைப்பள்ளியில் நெய் எடுத்தவனைப் பிரிச்சு விட்டார்கள். புருஷன் வேண்டாம் என்று அனுப்பிய பெண்ணைப் பிரிச்சு விட்டாச்சு என்பார்கள். நல்லதுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே மாமா வந்துவிட்டார். உட்காரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உனக்க மகன் என்ன செய்தான்னு கேளு. அத மறைச்சுப் பொண்ணு கேட்டியா?" என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன்தான் பதில் சொன்னான். "என்னைய மட்டும் இல்ல மாமா. மொத்தப் பட்டாளத்தையும் பிரிச்சு விட்டாச்சு."

"ஒருத்தன் தப்பு செய்தா ஒருத்தனப் பிரிச்சு விடுவான். மொத்தமா விரட்டணும்னா, நீங்க எல்லாருமாச் சேந்து என்னத்தலே செய்திய?"

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். சண்டையில் பார்த்ததையே வீட்டில் சொல்லாதவன் அவன்.

அம்மா பார்வத்தியக்காரர் வீட்டுக்குப் போய் அழுதாள். ஊர்க் காரியங்களுக்கு அவர்தான் அதிகாரி. நல்ல மனிதர், மலையாளத்துக்காரர். மாமாவைத் தேடிப் போய், உம்முடைய மருமகன் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, சண்டை தீர்ந்ததால் பிரிச்சு விட்டார்கள் என்று விளக்கினார். அதிகாரி வாயாலும் அதே சொல் வந்துவிட்டது. பிறகு மாமா நம்புவாரா? கல்யாணப் பேச்சு நின்றுபோயிற்று. ரயிலுக்குச் சீட்டு, உடுக்கத் துணி, உழ நிலம் என்று சர்க்கார் எல்லாம் யோசித்தது. ஊருக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை அண்ணன் தனியாகக் கச்சேரிக்குப் போனான். பெண்டாட்டி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். வெயில் தாழத் திரும்பி வந்து, "அடுத்த தடவ பாக்கலாம்னு சொல்லுகாவ" என்றான். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

சில மாதத்தில் பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரி வந்தவர்கள் நிலம் வாங்கி, மண் வெட்டி, குடிசை கட்டியதை மாமா தம் கண்ணால் பார்த்தார். குற்றம் செய்தவனுக்கு எந்த சர்க்கார் நிலம் கொடுக்கும்? வெற்றிலை பாக்கோடு வந்தார். நடந்தது நடந்துபோச்சு மக்கா, அறியாமல் பேசிவிட்டேன் என்றார். அம்மா முகம் மலர்ந்து தட்டை எடுக்கப் போனாள்.

அண்ணன் நிதானமாகத்தான் சொன்னான். "சர்க்கார் பட்டாளத்தத்தான் கலைச்சுது மாமா. என்னையப் பிரிச்சு விட்டது நீங்க."

அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அவன் இறங்கி வரவில்லை. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலைக்குப் போனான். துப்பாக்கி பிடித்த கை என்று அங்கே உடனே எடுத்துக்கொண்டார்களாம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. மாமா மகளைச் சுசீந்திரம் பக்கம் ஒரு வயல்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். புறப்படும் நேரம் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா என்று மட்டும் சொன்னாள். யாரைச் சொன்னாள், தகப்பனையா என் அண்ணனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையடிவாரத்து அந்த நிலங்கள் இப்போது தென்னந்தோப்பு. பட்டாளத்தான் விளை என்று பெயர். அதில் எங்களுக்கு ஒரு மூடு தென்னைகூடக் கிடையாது.