கிட்டே போகாமல்

கூட்டுக்குக் கிட்டே போய்ப் பறவைகளைக் கலைக்கக் கூடாது என்றுதான், லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமரா வேண்டாமென்று நீள ஜூம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். முதல் ஞாயிறே கண்மாய்க்குக் கிளம்பினேன். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் என் மனைவியின் அண்ணனும் ஒட்டிக்கொண்டார். அந்த ஆளுக்கு எதைக் கண்டாலும் வெடித்துப் பார்க்க வேண்டும்.

கருவேல மரங்களில் கொக்குகள் குஞ்சு பொரித்திருந்தன. நான் கரையிலேயே நின்று ஜூமை நீட்டினேன்.

"உக்காந்திருக்கதை எடுத்து என்ன செய்யப் போறீக மாப்ளே? பறக்க விடுதேன், எடுங்க" என்றவர், நான் தடுப்பதற்குள் மரத்தடிக்கு ஓடிப்போய், பையிலிருந்த அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டார்.

கொக்குகள் மொத்தமாக எழுந்து போயின. கூடுகளில் காக்கைகள் இறங்கின. இறகு முளைக்காத குஞ்சு ஒன்றைக் காக்கை கவ்வி இழுப்பதை, கரைக்குத் திரும்பி வந்து கேமராத் திரையில் பார்த்து அவர் பூரித்துப்போனார்.

"எம்புட்டுப் பக்கத்துல தெரியுது! நல்ல கேமராதான் எடுத்திருக்கீக."