சப்பாத்தி மாவில் கலந்தது

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குத் தர ஆய்வு வேலை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது, ஒரு நாளைக்கு நாற்பது கிராம் புரதத்துக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் மலைக்கவில்லை. மயிரிழை வித்தியாசம் இருந்தாலே பாகத்தைத் தள்ளி வைக்கிறவள் நான், சோறு எம்மாத்திரம்? சமையல் தராசு வாங்கினேன். ஒரு இட்லிக்கு இரண்டு கிராம், அரை டம்ளர் பாலுக்கு மூன்று என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

எனக்கு ஷிப்ட் மாறியதும், சமையலுக்கு ஒத்தாசையாக என் கணவரின் அக்கா, கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வந்து தங்கினார். அண்ணி சுடும் சப்பாத்தியையும் நிறுத்துத்தான் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.

"பொய் எழுதினா ஏமாறப் போறது நான் இல்லம்மா, நீங்கதான்."

வீட்டில் கணவரும் கேட்டார்: "கேன்டீன்ல எதாச்சும் தின்னியா? சொல்லிடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மாவு பிசைந்தேன். வேகாத பருப்பு வாடை அடித்தது. மாவு டப்பாவுக்குப் பின்னால் பாதி தீர்ந்த சோயா மாவுப் பாக்கெட், அத்தனையும் புரதம்.

"நாந்தான் கலந்தேன்," என்றார் அண்ணி, கூச்சமே இல்லாமல். "சட்னியிலயும் கூடுதலா நிலக்கடல அரைச்சேன். எலும்பும் தோலுமா ஆயிட்ட. என் தம்பி சோறு போடறதில்லன்னு ஊர்ல பேசறாங்க."

நான் சத்தம் போடவில்லை. அவருடைய மூட்டு வலிக்குக் காட்டலாம் என்று சொல்லி, அடுத்த முறை அண்ணியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் முன்னால் உட்கார வைத்து, "தினம் எத்தன கரண்டி கலந்தீங்கன்னு சொல்லுங்கண்ணி," என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். அண்ணியின் தலை குனியக் குனிய எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதுவும் போதவில்லை. தளியில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் பாயச வாளியோடு வந்த அண்ணி, எல்லோர் எதிரிலும், "ஒரு வாய் சாப்பிடும்மா," என்றார்.

"இதுல என்னா கலந்தீங்கண்ணி?" என்று உரக்கக் கேட்டேன்.

எதிர் வரிசையில் ஒரு கிழவர், "ஏனாயித்து?" என்று என்ன ஆச்சென விசாரித்தார். பக்கத்திலிருந்தவர் சோயா மாவு முதல் டாக்டர் திட்டியது வரை கன்னடத்தில் விளக்கிச் சொன்னார். கணவர் மூலம் சேதி அதற்குள் ஊருக்குப் போயிருந்தது போல. அண்ணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார். இலையில் இருந்த சோற்றை நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

"அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சிச்சு," என்றார் கணவர் மூன்றாம் நாள். இருக்கலாம். எனக்கு அந்த நல்லது வேண்டியிருக்கவில்லை.

அண்ணி அதன்பிறகு ஓசூர் பக்கம் வரவில்லை. போன மாதம் கிரியேட்டினின் இறங்கியது. அந்த ரிப்போர்ட்டைப் படமெடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது.