செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்ட சண்டை

என் இடது குதிகாலில் வேலிக்கருவை முள்ளின் முனை ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார், எனக்கல்லவா தெரியும். மழைக்கு முன்னால் குறுகுறுக்கும். வீட்டில் யாராவது திரும்பி வர நேரமானால் குத்தும். கொரியச் சண்டைக்கலையில் நான் வாங்கிய ஒரே பதக்கம் அது.

1991இல் வல்லக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் டேக்வாண்டோ தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தவன் என்பது பெரிய வார்த்தை. நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் போய், மூன்று மாதம் காற்றை உதைத்திருந்தேன். காற்று ஒரு தடவைகூடத் திருப்பி உதைக்காததால் எனக்குத் தைரியம் ஏறிப்போயிருந்தது.

அக்கா ஷூ தைக்கும் கம்பெனியில் இருந்தாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வரும்போது, ஒருவன் தினமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மணியடித்தபடியே பின்னால் வந்தான். தொடமாட்டான், பேசமாட்டான், மணி மட்டும்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் அவனை விட்டுவிட்டு அக்காவின் வேலையைத்தான் நிறுத்துவார். தையல் மெஷின் முன்னால் உட்காரும்போதுதான் தனக்கென்று ஒரு பெயர் இருப்பதே ஞாபகம் வருகிறது என்று சொல்பவள் அவள். அதனால் ரகசியமாக என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா எகிறி எகிறி உதைக்கிறியே, அது நெசமா வேலைக்கு ஆவுமா, இல்ல சும்மா படம் காட்டிகினு கீறியா?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? நாளைக்குப் பாரு."

மறுநாள் ஏரிக்கரையில் போய் நின்றேன். அக்கா வந்தாள், பின்னாலேயே மணியும் வந்தது. நான் வழியை மறித்தேன். அடுத்துச் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. செருப்பைக் கழற்றி, கோயில் வாசலில் விடுவதுபோல ஜோடியாக ஓரத்தில் வைத்தேன். பயிற்சிக்கூடத்தில் வெறுங்காலோடு உதைத்துத்தான் பழக்கம். பிறகு இடுப்பை வளைத்து அவனுக்கு வணக்கம் வைத்தேன். அவன் குழம்பிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டான்.

வலது காலைத் தூக்கினேன். நிற்கிற கால் முன்பாதத்தில் சுழல வேண்டும் என்று மாஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டது மறந்துபோய், குதிகாலில் சுழன்றேன். பட்டறையில் டிரில் பிட் இறங்குவதுபோல முள் இறங்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே மணியடித்தான். அக்கா குனிந்து, நான் அழகாக அடுக்கி வைத்த ஜோடியில் ஒன்றை எடுத்தாள். மணியடித்த கையின்மேல் ஒரே அடி. அவன் சைக்கிளில் ஏறிப் போன வேகத்தில் மணி அடிக்க நேரமில்லை.

"நாள் முச்சூடும் நான் ஷூ தைக்கிறேன், நீ செருப்பக் கழட்டி வெச்சிட்டு சண்டைக்குப் போற!" என்று திட்டிக்கொண்டே என்னைத் தாங்கிக் கூட்டிவந்தாள்.

எங்களுக்கு முன்னால் சேதி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "நடு ரோட்ல ஆம்பளைய செருப்பால அடிச்சிட்டு வந்துகீறியா? நாளைலேந்து வேலயும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்றார் அப்பா. எதற்குப் பயந்தோமோ அதுவே நடந்தது.

விடிந்தபோது என் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பட்டறையில் வேலைக்குப் போனால்தான் கூலி. அப்பா என் காலைப் பார்த்தார், அரிசிப் பானையைப் பார்த்தார். "சரி, இவன் கால் சரியாவற வரைக்கும் போ" என்றார். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்: "டேய், நல்லா நொண்டுடா."

அன்று சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் போஸ்ட்மேன் மணியடித்தாலும், ஐஸ்காரன் மணியடித்தாலும் ஒற்றைக் காலில் குதித்து வாசலுக்கு ஓடினேன். அவள் மணிச்சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்தாள்.

வீக்கம் வடிந்தது, நொண்டலை நான் விடவில்லை. பட்டறைக்கும் நொண்டிக்கொண்டே போனேன். ஒருநாள் மறதியில் கால் மாற்றி நொண்டினேன். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அக்கா கல்யாணம் வரை வேலைக்குப் போனாள், அதற்குப் பிறகும் போனாள்.

இப்போது அந்த ஏரிக்கரைப் பாதையில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அக்கா மகள் ஒரு கொரியக் கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்கிறாள். அங்கே டேக்வாண்டோ வகுப்பும் உண்டாம். "மாமா, நெசமா ஒருத்தன் வந்தா அது வேலைக்கு ஆவுமா?" என்று போன வாரம் கேட்டாள். எனக்கு வேலைக்கு ஆயிற்று, ஆனால் உதையால் அல்ல, நொண்டலால் என்று எப்படிச் சொல்வது? "செருப்ப மட்டும் கழட்டாதம்மா" என்றேன்.

அவள் வரும் ஷிஃப்ட் வேனுக்காகத் தெருமுனையில் போய் நிற்பது இப்போது என் வேலை. வேன் ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், அங்கும் இங்குமாக நடக்க ஆரம்பிக்கிறேன். யாரும் சொல்லாமலே இடது கால் நொண்டுகிறது.