தாயைக் காட்டுங்க

அண்ணி ஒரு சட்டை வாங்கப் போனால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் வேலை. தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், எண்ணெய்க் கறை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார். ஆலையில் அவருக்குப் பெயர் சிவப்பக்கா. நான் அவருடைய கொழுந்தன். நான் வாங்கிப் போகும் தக்காளிக்கும் அதே பார்வைதான்.

அண்ணன் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சோர்ந்த பிறகு சோபாவை விட்டு எழுந்ததே குறைவு. தினமும் வெளியே நடக்கச் சொல்லி டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் நலம் விசாரிப்பார்கள், அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். நாய் ஒன்று இருந்தால் நடப்பேன் என்று ஒருநாள் அவரே சொன்னார். பெரிய நாய் இழுத்துத் தள்ளிவிடும், யார்க்ஷயர் டெரியர் என்றால் கைக்குள் அடங்கும் என்று போனில் படம் பார்த்து ஆர்டரும் செய்தார். அட்டைப்பெட்டியில் வந்த குட்டிக்கு அன்றே வாந்தி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அவர் மடியிலேயே செத்துப்போனது. அதன் பிறகு ஜன்னல் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

அப்போதுதான் அண்ணி வேறு நல்ல குட்டி தேடிக் களத்தில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, பேச்சு அவருடையது. போகிற இடமெல்லாம் ஒரே வார்த்தை: தாயைக் காட்டுங்க. தாயைப் பார்த்தால்தான் குட்டியை நம்பலாம் என்பது அவர் கணக்கு. ஒருவன் தாய் நாய் ஊருக்குப் போயிருக்கிறது என்றான், ஏதோ பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி. இன்னொருவன் வீட்டுக்கெல்லாம் எதற்கு, சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் கொண்டுவந்து தருகிறேன் என்றான். மூன்றாவது ஆள் ஜவுளிக்கடை மாதிரி எந்த வகை வேண்டும், எல்லாம் இருக்கிறது என்று இருட்டு அறையைத் திறந்தான். உள்ளிருந்து வந்த நாற்றத்தில் நான் வாசலோடு நின்றுவிட்டேன். அண்ணி மட்டும் உள்ளே போய்க் கூண்டுகளில் அடைத்திருந்த நாய்களைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். காரில் ஏறியதும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லி ஒரு அம்மாளிடம் போனோம். பேக்கரியில் கேக் அலங்கரிப்பவர். வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறார். அண்ணனையும் கூட்டி வரவேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். கூடத்தில் தாய் நாய் சாவகாசமாகப் படுத்திருந்தது. குட்டிகள் அதன் மேல் ஏறி விளையாடின. அண்ணி பழக்க தோஷத்தில் ஒரு குட்டியைத் தூக்கிச் சட்டையைத் திருப்புவதுபோல் மல்லாத்தி வயிறு, காது, பல் எல்லாம் பார்த்தார். தடுப்பூசி போட்டாச்சா, முழங்கால் சில்லு நழுவுமா, அப்பன் நாய் எது என்று கேட்டார். பேக்கரியம்மாள் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"குட்டியைப் பார்த்தாச்சா? இப்ப நான் உங்களைப் பாக்கணும்," என்றார் பிறகு. அண்ணனைக் கதவுவரை நடந்து வரச் சொன்னார். அண்ணன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். குட்டி ஒன்று அந்தக் காலுக்கடியில் ஓட, அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். மயிரிழையில் தப்பியது குட்டி.

"மன்னிச்சுக்கங்க. குட்டி தர மாட்டேன்," என்றார் அந்த அம்மாள். "இதுங்க எலும்பு தீக்குச்சி மாதிரி. ஒரு மிதி போதும். அப்புறம் நீங்களும் தாங்க மாட்டீங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை உறுமவிட்டுக் கிளப்பினேன். கேக்கில் பூப் போடுகிறவருக்கு இத்தனை அதிகாரமா என்று தெரு முனைவரை திட்டினேன். பின்சீட்டிலிருந்து அண்ணன், "ஒரு நாய்க்குட்டிக்குக்கூட நான் லாயக்கில்ல. விடுடா," என்றார்.

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அப்புறம், "தம்பி, வண்டியைத் திருப்புங்க," என்றார். "வித்தாப் போதும்னு நினைக்காதவங்க இவங்க ஒருத்தர்தான்."

நான் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினேன். கதவு திறந்ததும் அண்ணி கேட்டார்: "எங்க ஃபாக்டரியில ரிஜெக்ட் ஆனதைத் தூக்கிப் போட மாட்டோம். எங்க சரி பண்ணணும்னு காட்டித் திருப்பி அனுப்புவோம். எங்களுக்கு எங்க சரி பண்ணணும், சொல்லுங்க."

பேக்கரியம்மாள் கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு படுத்திருந்த தாயைக் காட்டினார். இனி அதைக் குட்டி போட விடப்போவதில்லை, நல்ல வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது காலுக்கடியில் ஓடாது என்றார். குட்டிகள் பால் மறந்து வேறு வீடுகளுக்குப் போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வந்து அண்ணன் அதோடு நடக்க வேண்டும், அது ஒத்துக்கொண்டால்தான் தருவேன், என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார். சங்கிலியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அவர் வலது கையை நீட்டியபோது தலையசைத்து, "அந்தக் கையில," என்றார். பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் அசையாத இடது கை மெல்ல மேலே வந்தது.

அந்த வாசலில் தொடங்கிய நடை எங்கள் தெருவுக்கு வர இரண்டு மாதமாயிற்று. அண்ணன் கால் இழுக்கும் இடத்தில் நாய் நிற்கும். அவர் நகர்ந்தால்தான் நகரும். இப்போது தெருவில் யாரும் அவரை நலம் விசாரிப்பதில்லை. நாயைத்தான் விசாரிக்கிறார்கள், அதற்கு அவர் நின்று பதில் சொல்கிறார்.

போன வாரம் சாயங்காலம் நான் போனபோது அண்ணனும் நாயும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கதவை மூட வந்தார்.

"தாழ்ப்பாள் போடாதே," என்றார் அண்ணன். "நாங்க வர லேட்டாகும்."