இரண்டு லிங்க், ஒரே அட்ரஸ்

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் டைம். அப்புறம் நான் வேற கம்பெனிக்குப் போயிடுவேன்" என்று அமலோற்பவம் அக்கா போனில் சொன்னபோது நான் விக்கிரவாண்டி டோலைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் அக்கா. விழுப்புரத்திலுள்ள எங்கள் ஆபீஸிலிருந்துதான் அவருக்கு லைன் போகிறது. ஒரு கிகாபிட் வேகமுள்ள லிங்க் போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக இணைத்து, "இனிமே டபுள் கெபாசிட்டிக்கா" என்று மார்தட்டியிருந்தேன். தனிப் பொறுப்பில் நான் செய்த முதல் வேலை அது.

ஆனால் வீடுகளில் வேகம் கூடவேயில்லை. கிராஃபில் ஒரு லிங்க் நிரம்பி வழிந்தது. இன்னொன்று சும்மா கிடந்தது. கேபிளை மாற்றினேன், கேபிள் செருகும் மாட்யூலை மாற்றினேன், டேட்டாவை இரண்டு லிங்க்குக்கும் பிரித்து அனுப்பும் ஸ்விட்சை ரீபூட் செய்தேன். மூன்று நாள் வீண். இந்த கஸ்டமர் போய்விட்டால் எனக்கு இனி யார் பொறுப்பைத் தருவார்கள்?

நான் அக்காவின் ஆபீஸுக்குள் நுழைந்தபோது, புதிதாகச் சேர்ந்த ரேவதியை அக்கா திட்டிக்கொண்டிருந்தார். கம்ப்ளெயிண்ட் சீட்டிலுள்ள அட்ரஸைப் பார்த்து இரண்டு லைன்மேன்களுக்கு வேலை பிரிப்பது அங்கே வழக்கம். ரேவதியோ எல்லாச் சீட்டிலும் ஆபீஸ் அட்ரஸையே எழுதிவிட்டாள். அத்தனையும் டவுன் லைன்மேனுக்கே போய்விட்டன. கிளியனூர் பக்கம் பார்க்கும் இன்னொரு லைன்மேன் அந்தோணி சும்மா உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? வூட்டு அட்ரஸ எழுதாம நம்ம அட்ரஸயே எழுதிக்கினு இருந்தா, எல்லாம் ஒருத்தன் தலையிலதானே விழும்?"

எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஸ்விட்சும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது! டேட்டாவை மேக் அட்ரஸ், அதாவது அனுப்பும், வாங்கும் கருவிகளின் அட்ரஸ் பார்த்துப் பிரிக்கும்படி விட்டிருந்தேன். இந்த முனையில் ஒரு ரவுட்டர், அந்த முனையில் ஒரு ரவுட்டர். எந்த வீட்டு டேட்டா என்றாலும் அதே இரண்டு அட்ரஸ்தான், அதனால் ஒரே லிங்க்தான். வீட்டுக்கு வீடு மாறும் ஐபி அட்ரஸைப் பார்க்கும்படி லேப்டாப்பிலிருந்தே இரு முனையிலும் செட்டிங்கை மாற்றினேன். சும்மா கிடந்த லிங்க்கின் கோடு மளமளவென்று ஏறியது. துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"எதுல கோளாறு தம்பி?"

மாட்யூலில்தான் என்று பொய் சொல்ல நாக்கு துடித்தது. "எதுலயும் இல்லக்கா. என் செட்டிங்தான் தப்பு."

"அப்ப மூணு நாளா எங்கள பேஜாரு பண்ணது நீங்கதானா?" என்றவர் ரேவதி பக்கம் திரும்பினார். "கண்ண தொடைச்சிக்கம்மா. இன்ஜினியர் சாரும் உன்ன மாதிரிதான்."

ஆறு மணிக்கு வந்த வேறு கம்பெனிக்காரருக்கு டீ மட்டும் கிடைத்தது.

இப்போது எங்கே லிங்க் சேர்த்தாலும், கேபிளைத் தொடும் முன் டேட்டா எதைப் பார்த்துப் பிரிகிறது என்றுதான் பார்க்கிறேன். மறந்தாலும் ரேவதி விடமாட்டாள். திண்டிவனம் போனால் வணக்கத்துக்கு முன்பே கேட்கிறாள்: "சார், அட்ரஸ் பாத்தீங்களா?"